வாசலுக்கு முதுகு

ஹேமாவதி பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் உட்காருவதற்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வாள். மார்க்கையன்கோட்டையில் ஐம்பத்திரண்டு வயதுக்காரி மத்தியானம் மூன்று மணிக்குப் படம் போட உட்காருவதே அதிசயம். அதற்கு இத்தனை ஏற்பாடா என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யாருக்கும் முதுகுத் தண்டில் வட்டு பிதுங்கியிருக்கவில்லை.

முதலில் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது, நடுவில் குழிந்து ஆளை உள்ளே வாங்கிவிடும். கைவைத்த மர நாற்காலி வேண்டும். அதில் இடுப்பு வளைவுக்கு நேராக, சுருட்டிய துண்டு ஒன்று. காலுக்குக் கீழே, சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தம்பி முத்துராஜா கொடுத்த பழ டிரே, கவிழ்த்துப் போட்டது. கால் தொங்கக் கூடாது. மடியில் மகன் மகிழன் இன்ஜினியரிங் படிக்கும்போது வாங்கிய டிராயிங் போர்டு, அதன் மேல்விளிம்பு மேசையில் சாய்ந்திருக்கும். போர்டு சாய்ந்து நின்றால் கழுத்து குனியாது. பென்சிலுக்குத் துணி சுற்றி, சொட்டுநீர்க் குழாயில் விரல் நீளத்துக்கு வெட்டிய துண்டுக்குள் செருகியிருந்தாள். பிடி தடிமனாக இருந்தால் விரல் இறுக்கிப் பிடிக்காது. விரல் இறுகவில்லை என்றால் தோளும் இறுகாது.

கடைசியாகத் திசை. வலது கைக்காரிக்கு வெளிச்சம் இடப்பக்கமாக வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் காகிதத்தில் விழும். அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் தெரு வாசலில் மட்டும்தான். ஆகவே வாசலுக்கு முதுகைக் கொடுத்து, கொஞ்சம் ஒருக்களித்து, வெளிச்சம் இடது தோளுக்கு மேலாக வந்து விழும்படி உட்காருவாள். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மூன்று மணிக்கு வருகிறவள் விஜி ஒருத்திதான்.

டிவியில் சீரியல் ஓடும். அது பார்ப்பதற்கில்லை. விளம்பரம் வந்தால் எழுந்து அடுப்படி வரை நடந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும், அதற்குத்தான். கதாநாயகி யாருக்குப் பிறந்தவள் என்பது ஹேமாவதிக்கு இன்றுவரை தெரியாது. விளம்பரம் எத்தனை என்பது தெரியும்.

இந்த ஏற்பாடெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. மாமியார் மாயக்காளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது, மூத்த மகன் கர்ணனின் மனைவி என்ற முறையில் ஹேமாவதிதான் பார்த்தாள். ஆறு வருஷம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கக்கூசுக்குத் தூக்கிப்போவது எல்லாம் அவள் ஒருத்தி. கர்ணன் வாழைத்தோட்டத்துக்கு விடியுமுன் போய்விடுவான். ஆறாவது வருஷம் ஒரு காலையில், குளியலறைச் சுவரில் சரிந்த மாமியாரைத் தனியாக அள்ளித் தூக்கினாள். இடுப்பில் எதுவோ படக்கென்றது. அன்றைக்கு இடது கால் பெருவிரலைத் தொட்டால் தொட்டது தெரியவில்லை.

தேனியில் எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே கனம் தூக்கக் கூடாது. மாடிப்படி வேண்டாம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கால் போயிரும், அப்பறம் உங்களத் தூக்கத்தேன் ஆள் தேடணும்" என்றார். சீட்டில் ரெஸ்ட் என்று எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் குடும்பம் கூடி, மாயக்காளை இளைய மகன் விஜயபாண்டி வீட்டுக்குக் கொண்டுபோனது. பக்கத்துத் தெருதான். கீழே உர குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மாடியில் இருந்தார்கள். இருபத்திரண்டு படி. விஜயபாண்டியின் மனைவிதான் விஜி. ஹேமாவதிக்கு ஓரகத்தி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் எட்டு வருஷம் சேர்ந்து சமைத்தவர்கள், ஒரே நாளில் கோபித்துக்கொண்டு ஒரே நாளில் பேசியவர்கள். மாமியாருக்கும் விஜி வீட்டுக்கும் சேர்த்து மத்தியானச் சாப்பாடு ஹேமாவதி வீட்டிலிருந்து தினமும் தூக்குச்சட்டியில் போனது. தூக்க முடியாதவள் செய்யக்கூடியது அது.

படம் போடச் சொன்னது சின்னமனூரில் பிசியோதெரபி பார்க்கும் திலீபன் என்ற பையன். "வலிக்குமோ வலிக்குமோன்னு உடம்ப இறுக்கியே வச்சிருக்கீங்கம்மா. அதுலதேன் பாதி வலி. கைக்கு ஏதாவது மெதுவான வேல கொடுங்க. படுத்தே கெடக்காதீங்க, அது கெடுதல்" என்றான். ஹேமாவதி வீட்டில் கிடந்த மகனுடைய போர்டை எடுத்தாள். கோலம் தவிர மற்றதெல்லாம் வரைந்தாள். கேஸ் சிலிண்டர், வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள், கொக்கியில் தொங்கும் வாழைத்தார். அசையாத, பதில் கேட்காத பொருள்கள். ஒரு சிலிண்டரை வரைந்து முடிக்கும்போது தோள் இரண்டும் இறங்கியிருக்கும். இறங்கிய பிறகுதான் அதுவரை ஏறியிருந்ததே தெரியும்.

முதல் மாதம் தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து வரைந்து வலியை இரட்டிப்பாக்கிக்கொண்டாள். டிரேயைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கச் சொன்னது விஜி. குழாய்த் துண்டை வெட்டிக் கொண்டுவந்ததும் விஜி. மூன்று மணிக்கு வந்ததும் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, துண்டுக்குப் பின்னால் செருகிவிட்டுத்தான் உட்காருவாள்.

ஹேமாவதி திரும்பாமலே கேட்பாள். "அத்தையத் திருப்பிப் படுக்க வச்சியா?"

"வச்சேன்க்கா."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். நீ சொன்ன மாதிரி முழங்காலுக்கு நடுவுல தலகாணி குடுத்து."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பணும். ஒரே பக்கமாக் கெடந்தா யாருக்கும் தாங்காது."

"தெரியும்க்கா. ஒனக்கு விளம்பரம், அத்தைக்கு நானு."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். இரண்டு வருஷம் இதே கேள்வி, இதே பதில்.

போன ஆவணியில் ஒரு நாள் விஜி போனை எடுத்தாள். "அக்கா, அப்படியே இரு. அசையாத."

"என்னத்துக்குடி?"

"ராணி கணக்கா உக்காந்திருக்க. என் தங்கச்சி ஜோதிகாவுக்குக் காட்டணும். கம்ப்யூட்டர்ல உக்காந்து உக்காந்து அவளுக்குக் கழுத்தே திரும்ப மாட்டேங்குது."

ஹேமாவதிக்குப் பெருமை. தனக்குத் தெரிந்ததை இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் அவள் சமையலைக்கூட நிறுத்திவிடுவாள். "பக்கவாட்டுல இருந்து எடு. துண்டு தெரியணும். டிரேயும் தெரியணும், அதுதேன் முக்கியம்" என்றாள். "எந்திரிக்கிறதையும் வீடியோ எடுத்துக்க. அது நெறையாப் பேருக்குத் தெரியாது. பாதத்தப் பின்னுக்கு இழுத்துக்கணும், முன்னால சாயணும், கையால ஊண்டணும். பாரு, ஒரு சத்தம் வருதா?"

ஒரு சத்தமும் வரவில்லை. குமரிப் பெண் எழுவதுபோல் எழுந்தாள். இன்னொரு தடவையும் எழுந்து காட்டினாள்.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கர்ணனின் அக்கா பேச்சியம்மாள் பண்ணைப்புரத்திலிருந்து வந்தாள். தகப்பன் இறந்தபின் அந்தக் குடும்பத்தில் அவள் சொல்தான் சொல். ஹேமாவதி கறி எடுத்துச் சமைத்தாள். விஜயபாண்டியும் விஜியும் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் பேச்சியம்மாள் போனை எடுத்து நீட்டினாள்.

"ஏ ஹேமா, இது யாருன்னு பாரு."

ஹேமாவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். துண்டு தெரிந்தது. டிரே தெரிந்தது. "நாந்தேன் மதினி."

"நல்லாத்தேன் இருக்க. ஒரு மணி நேரமா, ரெண்டு மணி நேரமா?"

"சேந்தாப்புல இல்ல மதினி. நடுநடுவுல எந்திரிச்சு நடக்கணும்."

"அதையும் பாத்தேன். வீடியோவுல. கொமரி மாதிரி எந்திரிக்கிற." பேச்சியம்மாள் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னாள். "படம் போட உக்கார முடியிதாம், பெத்த ஆத்தாளுக்குச் சமானமா இருக்கிறவளத் தூக்க முடியாதாம். எந்த ஊரு நாயம்?"

"டாக்டரு சீட்டுல எழுதியிருக்காக மதினி. நீங்களுந்தேன் பாத்தீக."

"என்ன எழுதியிருக்காக? ரெஸ்டுன்னு எழுதியிருக்காக. ரெஸ்டுன்னா படுக்கிறது. ஒரு நாளாச்சும் நீ படுத்து நாங்க பாத்தமா?"

அங்கேதான் தன் தவறு ஹேமாவதிக்குப் புரிந்தது. அந்த ஊரில் நோவு என்றால் படுக்கை. படுத்தால்தான் நோயாளி. கட்டிலில் முனகிக் கிடந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக ஊர் வந்து பார்த்துவிட்டுப் போகும். அவளுக்கு வட்டு பிதுங்கியபோது யாரும் ஹார்லிக்ஸ் கொண்டுவரவில்லை. எட்டாம் நாளே சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தவளுக்கு எதற்கு? வலிக்காமல் உட்காரக் கற்றுக்கொண்டாள் என்பதை, வலியே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் அவள் பாடுபட்டுச் சேர்த்த சுகம் ஒரு போனுக்குள் அவளுக்கு எதிரான சாட்சியாக உட்கார்ந்திருந்தது. படம் எந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டும் என்பதுவரை அவளே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

விஜியைப் பார்த்தாள். விஜி முந்தானை நுனியில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, நீ சொல்லு. எனக்கு எப்படி வலிக்கும்னு ஒனக்குத் தெரியும்ல?"

"நான் பொய்யா ஒண்ணும் சொல்லலயேக்கா" என்றாள் விஜி, நூலைப் பார்த்தபடி. "நீ உக்காந்துதான இருந்த? எனக்கும் ரெண்டு வருஷமாச்சு. எனக்கும் ஒடம்புதான இருக்கு?"

அதை விஜி மூன்று மணிக்கு வந்து நேராகக் கேட்டிருந்தால், ஹேமாவதி வேறு வழி யோசித்திருப்பாள். மகிழனிடம் சொல்லிச் சம்பள ஆள் வைத்திருப்பாள். கேட்கவில்லை. படம்தான் எடுத்தாள்.

"அண்ணே எப்பயோ சரின்னுட்டாக மதினி" என்றான் விஜயபாண்டி, மெதுவாக. "வர்ற வியாழக்கெழம ஆத்தாளக் கொண்டாந்து விடுறதுன்னு பேச்சு."

ஹேமாவதி கர்ணனைப் பார்த்தாள். கர்ணன் எழுந்து வாழைத்தாருக்குத் துணி மூடப் போனான். தாருக்கு ஏற்கெனவே துணி மூடியிருந்தது.

எல்லோரும் போனபின் கேட்டாள். "எப்பப் பாத்தீக அந்தப் போட்டோவ?"

"பத்து நாளாச்சு. விஜி அக்காவுக்கு அனுப்பியிருக்கா, அக்கா எனக்கு அனுப்புச்சு."

"பத்து நாளா என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"ஒனக்கு வலி இல்லையின்னு நான் சொல்லல ஹேமா. பாக்கிறவுகளுக்கு வலி தெரியல. நான் என்ன செய்ய?"

முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்தவன், பார்க்கிறவர்களின் பக்கம் நின்று பேசினான். அவள் அழவில்லை. அழுதால் இடுப்பு இறுகும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பேச்சியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"மதினி, அத்தை வரட்டும். கழுவுறது, ஊட்டுறது, துடைக்கிறது, திருப்புறது எல்லாம் நான் செய்யிறேன். தூக்க மாட்டேன். காலம்பற ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் பெத்த மகனுக ரெண்டு பேரும் வந்து தூக்கணும்."

"ஆம்பளைகளா? ஆத்தாளையா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவுகளத் தூக்கி வளத்தது ஆத்தாதான?"

பேச்சியம்மாள் ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்துவிட்டு வைத்தாள். மறுக்கவில்லை.

வியாழக்கிழமை மாயக்காளை நாற்காலியில் வைத்து நாலு பேர் இருபத்திரண்டு படி இறக்கி, லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கிழவி இளைத்துப் போயிருந்தாள். கட்டிலில் கிடத்தியதும் ஹேமாவதியின் முகத்தைத் தேடிப் பிடித்து, கோணிய வாயால் "ஆத்தா" என்றாள். ஹேமாவதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வெந்நீரும் துணியும் எடுத்து வந்தாள். கட்டிலின் உயரத்துக்குத் தன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மாமியாரின் முழங்காலை மடக்கி, விரிப்பைப் பிடித்து மெதுவாக ஒருக்களித்தாள். விரிப்பை இழுத்துத் திருப்புவதற்குப் பலம் வேண்டாம். முறை தெரிந்தால் போதும்.

முதுகு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில், எலும்புக்கு நேர்மேலே, புண். ஓரம் வெளுத்து, நடுவில் பள்ளம். ஒரு முழு ஐந்து ரூபாய் நாணயம் அதில் படியும். ஒட்டியிருந்த பவுடரும் சேலைத் துணியும் வாடை அடித்தன.

ஒரே பக்கமாகக் கிடந்தால் யாருக்கும் தாங்காது. இது ஒரே பக்கமாகக் கிடந்த புண். மல்லாக்க, அசைக்காமல், வாரக்கணக்கில்.

இரண்டு வருஷமாக மூன்று மணிக்குக் கேட்ட பதில்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வச்சேன்க்கா. இடப்பக்கம். தலகாணி குடுத்து. படியேற முடியாதவளுக்கு அந்தப் பதில்கள்தான் கண். போட்டோ விஷயத்தில் பட்டதைவிட இது ஆழமாக இறங்கியது. போட்டோ அவள் உடம்பைக் காட்டிக்கொடுத்தது. இது, பதில் சொல்ல முடியாத ஒருத்தியின் புண்ணை மறைக்க, ஹேமாவதி சொல்லிக்கொடுத்த வார்த்தைகளையே பயன்படுத்தியிருந்தது.

மறுநாள், படுக்கை நோயாளிகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் ஜெபஷீலாவை வரவழைத்தாள். ஜெபஷீலா கையுறை போட்டுப் பார்த்தாள். "ரெண்டு மாசமாச்சும் ஆயிருக்கும்மா. நான் ரெண்டு தடவ அந்த மாடி வீட்டுக்குப் போனேன். ஒங்க ஓரகத்தி கீழயே நிறுத்தி, வேணாம், எங்க அக்காதேன் எல்லாம் பாத்துக்கிறாங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லி அனுப்பிட்டாக."

"எந்த அக்கா?"

"நீங்கதேன்."

 ஹேமாவதி உப்புநீரில் கழுவுவது எப்படி, மருந்துத் துணியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஜெபஷீலா போகும்போது சொன்னாள்: "ஆறுதா பெருகுதான்னு கண்ணால சொல்ல முடியாது. சுத்தமான பிளாஸ்டிக் கவர மேல வச்சு ஓரத்த வரைஞ்சுக்கங்க. வாரம் ஒருக்க. தேதி போடுங்க."

வரைவது அவளுக்குத் தெரியும். கவரில் வரைந்த ஓரத்தைத் தன் நோட்டில் பெயர்த்து வரைந்தாள். சிலிண்டருக்கும் செருப்புக்கும் அடுத்த பக்கத்தில், கோணல்மாணலான ஒரு வட்டம். கீழே தேதி. அதை வரையும்போது தோள் இறங்கவில்லை.

கர்ணன் நோட்டைப் பார்த்துவிட்டான். "என்ன இது, வாழை இலக் கருகல் மாதிரி?"

"ஒங்க ஆத்தாளோட புண்ணு."

நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னான்: "யாருக்கும் அனுப்பிறாத. தம்பிக்கு அசிங்கம்."

"என் போட்டோ போனப்ப எனக்கு அசிங்கம்னு ஒங்களுக்குத் தோணல."

அவன் தோட்டத்துக்குப் போனான். ஆனால் அன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லாமலே வந்து கட்டிலருகே நின்றான். ஹேமாவதி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுத்தாள். "குனியாதீக. முழங்கால மடக்குங்க. ஆத்தாள ஒட்டி நில்லுங்க, தள்ளி நின்னா இடுப்பு போயிரும். ஒண்ணு, ரெண்டு, இப்ப." கர்ணன் கேட்டான். விஜயபாண்டி கேட்கவில்லை. "எங்களுக்குத் தெரியாதா மதினி, அம்பது கிலோ உர மூடையே தூக்குறம்" என்றான். ஒன்பதாம் நாள் காலை, குனிந்து ஒரு இழுப்பு இழுத்தான். "அய்யோ" என்று அப்படியே நின்றான்.

இரண்டு நாள் கட்டிலில் படுத்துக் கிடந்தான். பேச்சியம்மாள் பண்ணைப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஹார்லிக்ஸ் கொடுத்துவிட்டுப் போனாள். "பாவம், எம்புட்டு வேதன" என்றாள். ஹேமாவதி வீட்டு வாசலைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். உள்ளே வரவில்லை.

அவன் படுத்த அன்றைக்கே ஹேமாவதி விஜிக்குப் போன் போட்டிருந்தாள். "ஒம் புருஷன் படுத்துட்டான். நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு நீ வா. எங்க வீட்டுக்காரருக்கு மறுபக்கம் பிடிக்க ஆள் வேணும்."

"நானாக்கா? எனக்கு..."

"ஒனக்குத்தேன் எல்லாம் தெரியுமே. இடப்பக்கம், தலகாணி குடுத்து."

 காலையில் ஆறு மணிக்கு விஜி வந்தாள். வந்து பிடித்தாள். மாயக்காள் விஜியின் கை பட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பக்கூடிய ஒரே பாகம் அதுதான்.

விஜயபாண்டி எழுந்தபின்னும் இரண்டு வாரம் அவளே அப்படி வந்துபோனாள். பிறகு ஒரு மத்தியானம் மூன்று மணிக்கும் வந்தாள், பழைய வழக்கப்படி, கையில் வெந்நீர்ப் பையோடு. ஹேமாவதி பழைய இடத்தில், வாசலுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாள். செருப்புக் கழற்றும் சத்தத்திலேயே யார் என்று தெரிந்தது. அவள் அறியாமலே இரண்டு தோளும் காது வரை ஏறின.

"என்னக்கா வரைற?"

ஹேமாவதி நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரே பக்கத்தில் நான்கு வட்டங்கள், ஒன்றைவிட ஒன்று சிறியது. நான்கு தேதி.

"என்னதுக்கா இது?"

"நீ தெனமும் இடப்பக்கமாத் திருப்பிப் படுக்க வச்சது."

விஜி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "போட்டோ எடுத்தியா?"

"இல்ல. வரைஞ்சேன்."

விஜியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதை ஹேமாவதி பார்த்தாள். "வரைஞ்சத யாரு நம்புவா" என்றாள் விஜி, பாதி தனக்குத்தானே. சொன்னபின் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து, "என்னால ஒத்தையாளாத் திருப்ப முடியலக்கா. ஒன்கிட்டச் சொன்னா நீ படியேறி வந்துருவ. வந்தா ஒன் இடுப்பு..." என்று தொடங்கினாள்.

"அதுக்குத்தேன் என் இடுப்புல ஒண்ணுமில்லன்னு போட்டோ எடுத்துக் காட்டுனியா?"

 விஜியின் கை பழக்கத்தில் முன்னால் வந்தது, பையை நாற்காலியின் துண்டுக்குப் பின்னால் செருக.

"மேசையில வையி" என்றாள் ஹேமாவதி. "நானே வச்சுக்கிருவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வா. அதுக்கு வந்தாப் போதும்."

விஜி பையை வைத்துவிட்டுப் போனாள். ஆறு மணிக்கு வந்தாள். அதன் பிறகும் தினமும் இரண்டு வேளை வந்தாள். மூன்று மணிக்கு வரவில்லை.

நோட்டுப் பக்கத்தை ஹேமாவதி யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் வட்டம் சீக்கிரம் சிறுத்துவிடப் போவதில்லை. சிறுக்க வைப்பது உப்புநீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதும்தான். கார்த்திகையில் ஏழாவது வட்டம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்தது. அவள் இடது கால் பெருவிரலுக்கு உணர்ச்சி இருந்தது. ஒரு நாள்கூடத் தூக்கவில்லை.

ஆனால் படம் வரைய உட்கார்ந்தால் தோள் இறங்கவில்லை. துண்டை மாற்றிச் சுருட்டிப் பார்த்தாள். டிரேயைத் தள்ளிப் பார்த்தாள். சின்னமனூருக்குப் போய் திலீபனிடம் கேட்டாள். அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தேன் உக்காருறீங்க. எதையோ எதிர்பாத்துக்கிட்டே இருக்கீங்கம்மா" என்றான். தெருவில் யார் நடந்தாலும் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. விளம்பரம் வருமுன்பே எழுந்து வாசலைப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம், கட்டிலில் மாமியாரை வலப்பக்கமாகத் திருப்பிவிட்டு வந்து, நாற்காலியைப் பிடித்து அரை வட்டம் சுழற்றிப் போட்டாள். டிரேயை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தாள், மேசையையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். இப்போது வாசல் நேர் எதிரே இருந்தது. வெளிச்சம் வலப்பக்கமாக வந்து, கையின் நிழலைக் காகிதத்தின் மேல் விழவைத்தது. பென்சில் முனை எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை.

துண்டைச் சுருட்டி வைத்து உட்கார்ந்தாள். தோள் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இல்லை, பாதி. வாசலில் கிடந்த தன் ஒரு ஜோடிச் செருப்பை, நிழலுக்குள் தேடித் தேடி வரைந்தாள்.